உட்தையலில் ஒரு சாண் நூல்

போன வருடம் பெப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஜேர்மனியின் சாவர்லாந்து மலைப் பக்கத்தில் நடந்தது இது. காலில் பனிச்சறுக்குப் பலகை கட்டி மேலிருந்து அந்தரத்தில் பாயும் ஸ்கீ பாய்தலில், பெண்களுக்கான உலகப் போட்டி. கொடியும் மாட்டுமணியுமாக ஆயிரக்கணக்கான சனம் மலையைப் பார்த்துக் கத்திக்கொண்டு நிற்க, நான் ஒருத்தி மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மேலே நின்றது என் மகள். அவள் பாய்வதை நான் ஒருநாளும் நேரே பார்த்ததில்லை. நெஞ்சு தாங்காது. சனத்தின் சத்தத்தை வைத்துத்தான் எனக்கு விளங்கும். சத்தம் நீண்டுகொண்டே போனால் நல்ல பாய்ச்சல். நடுவில் அறுந்தால் ஏதோ பிசகு.

தமிழ்ப் பிள்ளைக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டோர்ட்மண்டில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் பத்து வருடத்துக்கு மேலாக அதைத்தான் கேட்கிறார்கள். அகதியாக வந்தபோது அரசாங்கம் எங்களைக் கொண்டுவந்து விட்ட ஊர் இது. மற்றவர்கள் காகிதம் சரிவந்ததும் டோர்ட்மண்ட், பீலெஃபெல்ட் என்று எங்கள் சனம் இருக்கும் இடங்களுக்குப் போய்விட்டார்கள். என் கணவருக்கு இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை கிடைத்தது. எனக்கு உடுப்புத் திருத்தும் கடையில் தையல் வேலை. அப்படியே இருந்துவிட்டோம். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தால் பிள்ளைகளை ஒரு சின்ன ஸ்கீ மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றப் பிள்ளைகள் சிலர் அழுதார்களாம். இவள் ஒருதரம் பாய்ந்து இறங்கிவிட்டு, திரும்ப ஏறுவதற்கு வரிசையில் போய் நின்றாளாம். அன்றைக்கே நான் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒரு வருடத்தில் அலுத்துப் போய் விட்டுவிடுவாள் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். என் நினைப்பு எங்கே சரிவந்தது!

அந்தப் போட்டிப் பருவம் தொடங்கும்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. உலகப் போட்டிக்குக் கீழே இருக்கும் இரண்டாம் தரப் போட்டிகளில் பாய்ந்துகொண்டிருந்தாள். நவம்பரில் நோர்வே, பிறகு ஒஸ்திரியா, பிறகு சிலோவேனியா. அவள் ஒரு நாட்டில், நான் கையில் ரெலிபோனோடு குசினியில். போட்டி நடக்கும்போது யார் எத்தனை மீற்றர் பாய்ந்தார்கள் என்று அதில் எழுத்தில் ஓடும். மகளின் முறை நெருங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவுவேன். குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுவேன். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் காற்சட்டையில் ஒரு காலை மட்டும் அரை அடி கட்டையாக வெட்டிவிட்டேன். முதலாளியம்மா என்னையும் அந்தக் காற்சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சை பார், பாயிறது அவள். நீ ஏனப்பா வீட்டுக்குள்ளை குதிக்கிறாய்?" என்று என் கணவர் நக்கலடிப்பார். அவருக்கென்ன, ரெலிவிஷனுக்கு முன்னால் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு முழுதையும் பார்ப்பார்.

இதற்குள் ஒரு நூல் கதையும் இருக்கிறது. அதற்கு முந்திய கோடையில் ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கும் எங்கள் கோயில் தேருக்குப் போனபோது அம்மனுக்கு அர்ச்சனை செய்து, ஒரு சிவப்பு நூலை அவள் கையில் கட்டிவிட்டேன். பருவம் முடியும்வரை கழற்றக்கூடாது என்று சொன்னேன். சரி அம்மா என்றாள். நவம்பரில் ஒருநாள் வீடியோவில் கதைக்கும்போது பார்க்கிறேன், கை வெறுமையாக இருக்கிறது. கையுறைக்குள் உரஞ்சிப் புண்ணாகிறது, வெட்டிவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். இரண்டு கிழமையில் நோர்வேயில் இறங்கும்போது விழுந்தாள். தோளில் கண்டல், அவ்வளவுதான், எலும்பு தப்பியது. ஜனவரி முழுக்கப் பாய்ச்சலும் சரிவரவில்லை. காற்றுப் பிழை என்றார் பயிற்சியாளர். வேகம் காணாது என்றார் என் கணவர். எனக்கு மட்டும்தான் உண்மையான காரணம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நூல்!

அப்போதுதான் அந்த நல்ல செய்தி வந்தது. உலகப் போட்டி எங்கள் பக்கத்து மலையில் நடக்கப் போகிறது. சொந்த நாட்டில் நடந்தால் அந்த நாட்டுக்குச் சில இடங்கள் கூடக் கொடுப்பார்களாம். அதில் ஒன்று மகளுக்கு. பயிற்சியாளர் அவளுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். முதல் சுற்றில் முப்பது பேருக்குள் வந்தால் அடுத்த உலகப் போட்டிகளுக்கும் கூட்டிக்கொண்டு போவோம், வராவிட்டால் பழையபடி கீழே. அவள் எட்டு வயதிலிருந்து ஏறிய படிக்கட்டு முழுதும் அந்த ஒரு பாய்ச்சலில் வந்து நின்றது.

வீடு அரை மணித்தியால ஓட்டம் என்பதால் வெள்ளிக்கிழமை பயிற்சி முடிய வீட்டுக்கு வந்தாள். அன்று மழையும் பனியுமாக அடித்து அவளுடைய பாய்ச்சல் உடுப்பு ஈரம். அதைக் காயவிட என் தையல் அறையில் தொங்கவிட்டாள். சாப்பிடும்போது அந்த உடுப்பைப் பற்றித்தான் கதைத்தாள். அது மொத்தமான, ஸ்பொஞ்சு மாதிரியான துணி. உடம்புக்கு எவ்வளவு ஒட்டி இருக்கவேண்டும் என்று அளவு இருக்கிறது. பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு உடுப்பையும் சோதித்து உள்ளே ஒரு சின்ன அடையாளச் சில்லு வைத்துவிடுவார்களாம். பிறகு ஒரு தையல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. உட்தையலில் கனத்த நூல் வைத்துத் தைத்தால் துணி விறைத்துக் காற்றைப் பிடிக்கும், தூரம் கூடும், அப்படிக் களவு செய்கிறவர்களைப் பிடிக்கத்தான் இத்தனை கெடுபிடி. நான் அடுப்பில் பிட்டு அவித்துக்கொண்டே "ஓம், ஓம்" என்றேன். கேட்டது காது. தைத்தது கை. இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய மூளையை எங்கே வைத்தேனோ தெரியாது.

சனிக்கிழமை விடிந்ததும் அவள் குளிக்கப் போனாள். எனக்கு அந்தப் பத்து நிமிடம் போதும். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்த இன்னொரு கோயில் நூலை எடுத்தேன். ஒரு சாண் நீளம், ஐந்து இழை முறுக்கியது. கையில் கட்டச் சொன்னால் கட்டமாட்டாள். பையில் வைத்தால் எடுத்துவிடுவாள். ஆகவே உடுப்பை உட்பக்கம் புரட்டி, இடுப்புத் தையலோடு அந்த நூலைப் படுக்கவைத்து, கடுநீல நூலால் மேலே பின்தையல் போட்டேன். நாலு தையலுக்கு ஒருதரம் சின்ன முடிச்சு, அது என் பழக்கம். இருபத்தைந்து வருடம் தைத்த கை. வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. ஊசியைக் குத்திவைத்துவிட்டு மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாக ஒரு தேத்தண்ணீர் குடித்தேன்.

இனிப் பின்னேரம். ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஒரு கணம் எல்லாம் அடங்கியது. பிறகு சத்தம் தொடங்கியது, நீண்டது, நீண்டது, நிற்கவே இல்லை. என் கணவர் கச்சான் பையை எறிந்துவிட்டு என்னைப் பிடித்து உலுப்பினார். திரும்பிப் பார்த்தேன். முதலிடத்துக்குத் தாண்டவேண்டிய தூரத்தைத் தரையில் காட்டிய பச்சைக் கோட்டையும் தாண்டி இறங்கியிருந்தாள். அதுவரை பாய்ந்தவர்களில் அவள்தான் முதலாவது. பெரிய திரையில் அவள் முகம், மூக்கு சிவந்து, சிரித்துக்கொண்டு. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஜேர்மன் கிழவர் ஒருவர் என் கணவரைக் கட்டிப்பிடித்தார். நான் அழுதேன். அம்மாளாச்சி, நூல் வேலை செய்துவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகு இன்னும் பலர் பாய்ந்தார்கள். அவள் இறங்கி இறங்கிப் பதினேழாவதில் நின்றாள். முப்பதுக்குள் வந்தது உறுதி. என் கணவர் டோர்ட்மண்டுக்கு ரெலிபோன் எடுத்துக் கதைத்துக்கொண்டு நிற்கும்போது திரையில் பட்டியல் மாறியது. பதினேழாவதில் வேறு பெயர் இருந்தது. மகளின் பெயர் கடைசியில், பக்கத்தில், போட்டியிலிருந்து விலக்கியதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்து. நீக்கம். காரணம் உடுப்பு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சனம் ஊளையிட்டது.

"மெசின் பிழையாயிருக்கும், பார்த்துத் திருத்துவாங்கள்," என்றார் என் கணவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் தைத்ததை அதுவரை அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அந்த வேலிக்கரையிலேயே சொன்னேன். மனுசன் ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கால் மணித்தியாலம் கழித்து மகள் வேலிக்கு வந்தாள். பயிற்சியாளரின் பெரிய ஜக்கெற்றைப் போட்டிருந்தாள். அழுத கண். ஆனால் குரல் அமைதியாக இருந்தது.

"சோதிக்கிற மனுசி கையாலை தடவினவுடனை பிடிச்சிட்டா. புரட்டிக் காட்டினவ. முடிச்சைப் பார்த்தவுடனை எனக்குத் தெரியும், அது உங்கடை தையல் எண்டு. என்ரை பள்ளிக்கூட உடுப்பு எல்லாத்திலையும் அந்த முடிச்சு இருந்தது," என்றாள். எங்கள் அணியின் தையல்காரரைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்களாம். அவர் இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன், வெளிறிப் போய் நின்றாராம். ஆகவே தான் ஒரு வேலை செய்துவிட்டதாகச் சொன்னாள். "நானே தைச்சனான் எண்டு சொல்லியிட்டன். நீங்கள் ரெண்டு பேரும் வீட்டை போங்கோ."

வேண்டுமென்று செய்ததாக எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மிச்சப் பருவம் முழுக்கத் தடை வரலாம் என்றாள். அதைவிட, களவாகப் பாய்ந்தவள் என்ற பெயர் போகாது. அப்படியானால் உண்மையைச் சொல்லேன் பிள்ளை என்று கெஞ்சினேன்.

"உங்களை உள்ளுக்குக் கூப்பிட்டு வைச்சுக் கேள்வி கேப்பினம் அம்மா. உங்களுக்கு ஏலாது," என்றாள்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அவள் சொன்னது உண்மை. எட்டு, ஒன்பது வயதிலிருந்தே எனக்காகக் கதைக்கிறவள் அவள்தான். விசா அலுவலகம், டொக்டர், வாடகை வீடு, எங்கே ஒரு சந்திப்புக்கு டெர்மின் தந்தாலும் பக்கத்துக் கதிரையில் அவள் கால் நிலத்தில் முட்டாமல் இருந்து, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பதைத் தமிழிலும் நான் சொல்வதை ஜேர்மனிலும் மாற்றிக்கொண்டிருப்பாள். அதிகாரி ஒருவர் காகிதத்தைக் கையில் எடுத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிவிடும். மற்றப் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் அவள் எனக்கு வாயாக இருந்தாள். இப்போதும் அதையேதான் செய்கிறாள், என் பிழையைத் தன் பெயரில் போட்டுக்கொண்டு.

"நீ இனி வாயைத் திறக்காதை. நான் கதைக்கிறன்," என்றேன். அவள் என்னை மறிக்கப் பார்த்தாள். நான் வேலியின் சின்னக் கேற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். காவலுக்கு நின்றவர் ஏதோ கேட்டார். நீக்கப்பட்ட பிள்ளையின் அம்மா என்றேன். என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

சோதனை நடப்பது ஒரு கொள்கலன் அறையில். உள்ளே மேசையில் என் மகளின் உடுப்பு, குடல் வெளியே வந்த மாதிரி உட்பக்கம் புரட்டிக் கிடந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு உயரமான பெண்மணி எழுதிக்கொண்டிருந்தார். பயிற்சியாளரும் தையல்காரரும் சுவரோடு நின்றார்கள். பின்னால் வந்த மகள் வாசலில் நின்றுவிட்டாள். எனக்குத் தெரிந்த ஓட்டை ஜேர்மனில், இதைத் தைத்தது நான், மகளுக்குத் தெரியாது, அந்தத் தையல்கார ஐயாவுக்கும் தெரியாது என்று சொன்னேன். மூன்று வசனம். ஒரு வினைச்சொல்லும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்திருக்காது.

ஏன் செய்தீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டார். அம்மன், அர்ச்சனை, ஊன்ட்றொப் தேர், ஐந்து இழை, இதையெல்லாம் நான் எந்த ஜேர்மனில் சொல்வது? வாசலில் மகள் எனக்காக வாயெடுப்பது தெரிந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். கடைசியில் ஒரு சொல்தான் வந்தது. அங்ஸ்ட், பயம் என்று சொன்னேன். எனக்குப் பயம், இந்த நூல் பயத்துக்கு.

அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு, மகளைக் காப்பாற்ற நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. தையல்காரரைப் பார்த்து ஊசி கேட்டேன். அவர் புரிந்துகொண்டு தன் பெட்டியிலிருந்து ஒரு துண்டுத் துணியும் ஊசியும் நூலும் எடுத்துத் தந்தார். ஊசிக் காதுக்குள் நூல் போக மூன்று தரம் தவறியது. நாலாம் தரம் போனது. அதற்குப் பிறகு கை தன்பாட்டில் ஓடியது. நாலு தையல், ஒரு முடிச்சு. நாலு தையல், ஒரு முடிச்சு. ஒரு சாண் தைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்து மேசையில் வைத்தேன்.

தையல்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கை என்றார். பிறகு, நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய முகத்தோடு, என்னைவிட நன்றாகத் தைக்கிறீர்கள் என்றும் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நீக்கம் நீக்கம்தான் என்று அந்தப் பெண்மணி சொன்னார். விதியை மாற்ற முடியாது. ஆனால் வேண்டுமென்று செய்த களவு இல்லை, மேலதிகத் தடை வேண்டாம் என்று தன் அறிக்கையில் எழுதுவதாகச் சொல்லி, என் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார். உடுப்பிலிருந்து பிரித்தெடுத்த சிவப்பு நூலை ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையில் போட்டு நீட்டினார். நான் கை நீட்டமுன் மகள் வந்து வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் பயிற்சியாளர் என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார். இவள் வாழ்க்கையில் பாய்ந்த மிக நல்ல பாய்ச்சல், கணக்குப்படி, இன்றைக்கு நடக்கவே இல்லை என்று. அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. நான் மலைக்கு முதுகைக் காட்டி நின்றபடியால், நடக்காமல் போன அந்தப் பாய்ச்சலை நானும் பார்க்கவில்லை.

அடுத்த உலகப் போட்டிகளுக்கு வேறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மகள் பழையபடி இரண்டாம் தரப் போட்டிகளுக்குப் போனாள். ஆறு கிழமை என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். வந்து சேர்ந்தன், சாப்பிட்டன், ரெலிபோனை வைக்கிறன். அவ்வளவுதான். நான் ஒவ்வொரு நாளும் ரெலிபோனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். மன்னித்துக்கொள் என்று எத்தனை தரம் எழுதி எத்தனை தரம் அழித்திருப்பேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாத சாதி நாங்கள். கடைசியில் ஒருநாள் கடையில் இருந்தபடியே எழுதி, யோசிக்கமுன் அனுப்பிவிட்டேன். ஒரு ஓம் மட்டும் வந்தது.

மார்ச் கடைசியில் பருவம் முடிந்து வீட்டுக்கு வந்தாள். நான் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தேன். உள்ளே வந்து, ஜக்கெற் பொக்கற்றிலிருந்து அந்தப் பிளாஸ்ரிக் பையை எடுத்தாள். எறியத்தான் போகிறாள் என்று நினைத்தேன். எறியட்டும் என்றும் நினைத்தேன். அவள் நூலை வெளியே எடுத்து, பக்கத்தில் அமர்ந்து, என் இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டில் சுற்றினாள்.

"எனக்கு மேலை நிக்கேக்கை பயமில்லை அம்மா. பயம் உங்களுக்குத்தானே. நீங்கள் கட்டுங்கோ," என்றாள். அவளும் என்னை மாதிரியே ஒரு சின்ன முடிச்சுப் போட்டாள். பிறகு, "அடுத்த முறை மலைப் பக்கம் திரும்பி நிண்டு பாருங்கோ. நான் பாயிறதை நீங்கள் ஒருக்காலும் பார்க்கேல்லை," என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்தப் பருவத்தில் அவள் மூன்று உலகப் போட்டிகளில் பாய்ந்துவிட்டாள். ஒன்றில் இருபத்தெட்டாவது. குழம்பில் உப்பு இன்னும் இரண்டு தரம்தான் விழுகிறது. என் கணவர் இன்னும் நக்கலடிக்கிறார். ஆனால் மலையடியில் நிற்கும்போது இப்போது மலையைப் பார்த்துத்தான் நிற்கிறேன், சாயம் போன அந்த நூலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. பாசம் என்று சொல்லி நான் என் பிள்ளையின் உடுப்புக்குள் ஒளித்துத் தைத்தது என்னுடைய பயத்தைத்தான் என்பதும், அதை என் கையில் நானே சுமந்தால்தான் அவளால் பாரமில்லாமல் பறக்க முடியும் என்பதும், அவள் அந்தரத்தில் இருக்கும் ஒவ்வொரு விநாடியும் எனக்குத் திரும்பத் திரும்ப விளங்கிக்கொண்டிருக்கிறது.